மைதானத்துக்குக் கைகொடுக்க வாருங்கள்

கண்டி நகரிலும் சுற்றியுள்ள தோட்டப் பகுதிகளிலும் இருக்கும் தமிழ்மொழிப் பாடசாலைகளின் பழைய மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு திறந்த மடல்

அன்பின் அண்ணன்மாரே, அக்காமாரே, அம்மா அப்பாமாரே,

முதலாம் தவணை வந்துவிட்டால் எங்கள் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி பற்றிய பேச்சுத்தான். அந்த நாட்களில் பாடசாலையிலிருந்து உங்களுக்கு வழக்கமாக இரண்டு வரும். ஒன்று அழைப்பிதழ், மற்றது பற்றுச்சீட்டுப் புத்தகம். நீங்களும் முகம் சுளிக்காமல் கொடுத்து வந்திருக்கிறீர்கள். கொழும்பில் கடை வைத்திருப்பவர்களும் கட்டாரில் வேலை செய்பவர்களும்கூடத் தங்கள் இல்லத்தின் பெயரைச் சொல்லிக் காசு அனுப்புகிறார்கள். அதற்கு நன்றி. ஆனால் இந்த மடலைக் காசு கேட்டு எழுதவில்லை. போட்டிக்கு முந்திய இரண்டு வார இறுதியிலும் போட்டி நாளிலும் மைதானத்துக்கு வந்து எங்களோடு வேலை செய்யுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஏன் கேட்கிறேன் என்று சொல்ல வேண்டும். 100 மீற்றர் ஓட்டம் ஒன்று பார்ப்பவருக்குப் பதினைந்து விநாடியில் முடிந்துவிடும். அதை ஒழுங்காக நடத்த எத்தனை பேர் தேவை என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளைப் பெயர் கூப்பிட்டு வரிசைப்படுத்த ஒருவர், ஓட்டத்தைத் தொடக்கி வைக்க ஒருவர், பின்னால் நின்று கால் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்க ஒருவர், முடிவிடத்தில் முதலாம் இரண்டாம் மூன்றாம் இடங்களைப் பிரிக்க நடுவர்கள், நேரம் எடுக்க இரண்டு மூன்று பேர், எழுத ஒருவர், எழுதியதை அறிவிப்பாளரிடம் கொண்டோட ஒருவர். பத்துப் பேர் ஆகிவிட்டது. அதே நேரத்தில் மறுபக்கம் நீளம் பாய்தல் நடந்துகொண்டிருக்கும். பதினைந்து இருபது ஆசிரியர்கள் உள்ள பாடசாலை என்ன செய்யும்? அதிலும் பாதிப்பேர் இல்லப் பொறுப்பாசிரியர்கள், தங்கள் பிள்ளைகளை விட்டு அசைய முடியாது. உடற்கல்வி ஆசிரியரே இல்லாமல் விஞ்ஞான ஆசிரியர் விசில் பிடிக்கும் பாடசாலைகள் மடுல்கலைப் பக்கமும் கலஹாப் பக்கமும் உண்டு.

ஆள் போதாவிட்டால் முதலில் வெட்டுப்படுவது சிறிய வகுப்புப் பிள்ளைகளின் நிகழ்ச்சிகள்தான். அடுத்தது தெரிவுச் சுற்றுகள். "நல்லா ஓடுற பிள்ளைகளை மட்டும் எடுத்து வையுங்கோ, நேரமில்லை" என்று ஒரு தீர்மானம் வந்துவிடும். பிறகு என்ன நடக்கும்? அதே சில பிள்ளைகள் 100 மீற்றரும் ஓடி, 200 மீற்றரும் ஓடி, நீளமும் பாய்ந்து, அஞ்சலோட்டத்திலும் நிற்பார்கள். மற்றப் பிள்ளைகள் இல்லக் கூடாரத்தில் வெயிலுக்குக் குந்தியிருந்து கைதட்டுவார்கள். பதின்மூன்று வருஷம் பாடசாலையில் படித்து, ஒருமுறைகூடத் தொடக்கக் கோட்டில் கால் வைக்காமல் வெளியேறுகிற பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள். என் மனதை அறுக்கிற விஷயம் இதுதான். இல்ல விளையாட்டுப் போட்டியன்று ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நிகழ்ச்சியிலாவது இறங்க வேண்டும். நீங்கள் வந்தால் அது நடக்கும்.

முதல் வேலை மைதானம் கீறுவது. எங்கள் ஊரில் சமதரை கிடைப்பதே அரிது. திரித்துவக் கல்லூரி மலையை வெட்டிச் சமன் செய்து அஸ்கிரிய மைதானத்தை உண்டாக்கியது. 1983இல் அங்கே டெஸ்ட் ஆட்டமே நடந்தது. அப்படி மலையை வெட்ட வசதியுள்ள பாடசாலைகள் எத்தனை? போகம்பரை மைதானத்தை எல்லோராலும் எடுக்க முடியாது. தோட்டத்து மைதானத்தையோ கோயில் முன்றலையோ கேட்டு வாங்கி, அதில் 200 மீற்றர் ஓடுபாதை ஒன்றைக் கீறுவதுதான் எங்கள் வழக்கம்.

மேசன் வேலை செய்யும் தகப்பன்மாரை நான் இங்கேதான் குறிப்பாகக் கூப்பிடுகிறேன். நீள்சதுரத்தின் மூலை சரியாக விழ வேண்டும். அத்திவாரம் வெட்டுகிறபோது மூன்று, நான்கு, ஐந்து என்று நூல் பிடித்து மூலைமட்டம் பார்க்கிறீர்களே, அதே வேலைதான். நேர்ப்பகுதியை 50 மீற்றராக வைத்தால் இரண்டு வளைவுகளுக்கும் ஆரை சுமார் 15.9 மீற்றர் வரும். ஓடுகிறவர் உட்கோட்டிலிருந்து 20 சென்ரிமீற்றர் தள்ளி ஓடுவதாகத்தான் கணக்கு, ஆகவே கோட்டை 15.7 மீற்றரில் கீறலாம். நடுவில் ஒரு ஆணி, அதில் நீளாத கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு முளைக்கட்டை. நைலோன் கயிறு வேண்டாம், இழுத்தால் நீளும். ஒரு வளைவு முடிய அடுத்த வளைவின் அளவு மாறிவிடும்.

வெள்ளைக் கோட்டுக்கு நீற்றுச் சுண்ணாம்பு போடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஈரப் புல்லில் விழுந்து எழும்புகிற பிள்ளையின் முழங்காலை அது எரிக்கும், கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. திகனப் பக்கம் டொலமைட் உடைக்கிறார்கள், தேயிலை மலைக்கு அதையே மூட்டை மூட்டையாகப் போடுகிறார்கள். அந்த டொலமைட் தூள் கோடு கீற நன்றாகவே பிடிக்கும், தோலை எரிக்காது. தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாகவோ ஸ்டோரிலோ வேலை செய்கிறவர்கள் துரையிடம் ஒரு சொல் சொன்னால் இரண்டு மூட்டை கிடைக்கும்.

சுற்று ஓட்டத்தில் வெளிச்சுவட்டில் நிற்கிற பிள்ளையை முன்னால் தள்ளி நிறுத்துவதைப் பார்த்து ஒவ்வொரு வருஷமும் பெற்றோர் சத்தம் போடுகிறார்கள். அது அநியாயம் அல்ல. சுவட்டின் அகலம் 1.22 மீற்றர் என்றால், ஒரு முழுச் சுற்றுக்கு ஒவ்வொரு சுவடும் உள்ளே இருப்பதைவிட 7.67 மீற்றர் கூடுதலாக வரும். ஆறாம் சுவட்டுப் பிள்ளை முதலாம் சுவட்டை விட 38 மீற்றருக்கு மேல் முன்னால் நின்றால்தான் இருவரும் ஒரே தூரம் ஓடுவார்கள். பாதை 200 மீற்றரா 400 மீற்றரா என்பது இந்தக் கணக்கை மாற்றாது, சுவட்டின் அகலம் மட்டுமே மாற்றும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை நாடாவோடு மைதானத்தில் இறக்கி இதைக் கணித்துக் குறிக்கச் சொல்லுங்கள். கரும்பலகையில் வட்டத்தின் பரிதியைப் படித்து அலுத்தவர்கள், தங்கள் இல்லத்துப் பிள்ளை எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வி வந்ததும் சண்டை பிடித்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள். நான் கண்கூடாகக் கண்டது.

முடிவிடத்துக்கு வருகிறவர்களுக்கு இரண்டே விஷயம். நிறுத்தற் கடிகாரத்தை வெடிச் சத்தம் கேட்டதும் அழுத்தக்கூடாது, புகையைக் கண்டதும் அழுத்த வேண்டும். சத்தம் 100 மீற்றர் வந்து சேர ஏறக்குறைய 0.3 விநாடி எடுக்கும். காதை நம்பியவரின் கடிகாரம் அந்த அளவுக்குப் பிள்ளைக்கு இனாம் கொடுத்துவிடும், அந்த நேரத்தை நம்பிக்கொண்டு பிள்ளை வலயப் போட்டிக்குப் போய் ஏமாறும். வெடி இல்லாமல் பலகை தட்டித் தொடக்குகிற இடத்தில், பலகையை மேலே தூக்கிப் பிடித்துத் தட்டச் சொல்லுங்கள், கண்ணால் பார்த்து அழுத்தலாம். இரண்டாவது, யார் முந்தி என்று பார்ப்பது நெஞ்சையும் உடம்பையும் வைத்து. நீட்டிய கையும் குனிந்த தலையும் கணக்கில் இல்லை. நடுவராக நிற்கிற நேரத்தில் உங்கள் சொந்தப் பிள்ளை ஓடினால், அந்த ஓட்டத்துக்கு மட்டும் விலகி நின்றுவிடுங்கள். யாரும் கேட்கும் முன் நீங்களே விலகினால் அந்த மைதானத்தில் அன்று முழுவதும் வாக்குவாதம் இராது.

அஞ்சலோட்டக் கோலுக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. குழாய் பொருத்துகிற வேலை செய்கிறவர் யாராவது 30 சென்ரிமீற்றர் நீளத்துக்கு பீ.வீ.சீ. குழாயை வெட்டி, ஓரத்தை அரத்தால் தேய்த்து, இல்ல நிறத்தில் பூசித் தந்தால் போதும். விதிப்படி கோல் 28 முதல் 30 சென்ரிமீற்றர் வரை இருக்கலாம், எடை 50 கிராமுக்குக் குறையக்கூடாது.

இனி, ஓடத் தெரியாத பிள்ளைகள் என்று நாம் ஒதுக்கி வைக்கிறவர்களைப் பற்றி.

ஜப்பானில் பாடசாலை விளையாட்டு விழாவை உந்தோகாய் என்பார்கள். 1874இல் தோக்கியோவில் கடற்படைக் கல்லூரியில் தொடங்கி நாடு முழுவதும் பரவியது. அதில் தமாயிரே என்று ஒரு விளையாட்டு. உயரமான கம்பத்தின் உச்சியில் கூடை கட்டியிருக்கும். சிவப்பு அணியும் வெள்ளை அணியும் தரையில் கொட்டிக் கிடக்கும் துணிப்பந்துகளைப் பொறுக்கித் தத்தம் கூடைக்குள் எறிய வேண்டும். நேரம் முடிந்ததும் கூடையை இறக்கி, ஒவ்வொரு பந்தாக மேலே எறிந்து எல்லோரும் சேர்ந்து சத்தமாக எண்ணுவார்கள். கூடையில் விழுந்த பந்து யார் எறிந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே எறியத் தெரியாத பிள்ளை என்று ஒருவரும் இல்லை. இதைச் செய்ய எங்களுக்கு என்ன குறை? பாவித்து ஒதுக்கிய கொழுந்துக் கூடை லயத்தில் இருக்கிறது, மூங்கில் ஆற்றோரத்தில் இருக்கிறது. தையல் தெரிந்த அம்மாமார் வெட்டுத் துணியில் உமியை அடைத்து உள்ளங்கை அளவில் பைகள் தைத்துத் தந்தால், ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இறங்கி விளையாடலாம். சக்கர நாற்காலியில் வருகிற பிள்ளையும் எறியலாம். எறிந்த பந்து தன் இல்லத்தின் கணக்கில் சேரும்.

சிறுவர் நிகழ்ச்சிகளைத் தெரியும்போது இதையே அளவுகோலாக வையுங்கள். தோற்றவுடன் வெளியேறுகிற விளையாட்டு நல்லதல்ல. சங்கீதக் கதிரையில் முதலில் வெளியே வருவது எப்போதும் மெதுவான பிள்ளைதான், ஓட வேண்டியவனே ஓரத்தில் நிற்பான். தேசிக்காய்க் கரண்டி, சாக்கோட்டம், தொப்பி மாற்றல் எல்லாவற்றையும் வகுப்பு முழுவதும் சேர்ந்து ஓடுகிற அஞ்சலாக மாற்றலாம். பணிஸ் தின்னும் போட்டியைச் சிறிய பிள்ளைகளுக்கு வைக்கவே வேண்டாம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஓடி மூச்சிரைக்கிற நேரத்தில் வேகமாக விழுங்கச் சொல்வது விளையாட்டல்ல, தொண்டையில் அடைத்துவிடும். பார்ப்பவருக்குச் சிரிப்பாக இருக்கிறது என்பதற்காக நடத்தக்கூடாது.

கயிறிழுத்தலும் அப்படித்தான். எல்லோருக்கும் பிடித்த நிகழ்ச்சி, பெற்றோரும் பழைய மாணவரும் வரிந்து கட்டிக்கொண்டு இறங்குவார்கள். 1997இல் தாய்வானின் தாய்ப்பே நகரில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து கயிறிழுத்தபோது நைலோன் கயிறு அறுந்து, அதன் விசையில் இருவரின் கை துண்டாகிப் போனது. நாங்கள் இழுப்பது எட்டெட்டுப் பேர், ஆனாலும் கயிறு கயிறுதான். லொறிக்குக் கட்டிப் பழசான நைலோன் கயிற்றைக் கொண்டு வராதீர்கள். தடித்த தும்புக் கயிறோ மணிலாக் கயிறோ கொண்டு வாருங்கள். கையில் சுற்றிப் பிடிக்க யாரையும் விடாதீர்கள். பரிதி வட்டம் எறிவதற்குச் சுற்றிவர வலைக்கூண்டு இல்லாத மைதானத்தில் அந்த நிகழ்ச்சி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வேறு ஒரு நாளில், ஆளில்லாத மைதானத்தில், அதிலே போட்டியிடுகிற பிள்ளைகளை மட்டும் வைத்து முடித்துவிடலாம்.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கண்டி குளிர் ஊர் என்று சொல்லிப் பழகிவிட்டோம். மாசி, பங்குனியில் மதியத்தில் நிற்கிறவருக்குத் தெரியும் அந்தச் சூடு. 2024 மார்ச்சில் கிழக்கே திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் ஓடிய 16 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அந்த நாட்களில் நாடு முழுவதும் வெப்பம் கடுமையாக இருந்தது, வெயிலில் பிள்ளைகளை விளையாட விடவேண்டாம் என்று பாடசாலைகளுக்கு அறிவுறுத்தலும் வந்தது. விளையாட்டுப் போட்டிக்கு அனுப்பிய பிள்ளையைப் பெட்டியில் வாங்கிய பெற்றோரை நினைத்துப் பாருங்கள். எங்கள் மைதானத்தில் ஒருபோதும் அது நடக்கக்கூடாது.

ஆகவே நீள ஓட்டங்கள் எல்லாம் காலை எட்டரைக்கு முன் முடிய வேண்டும். மத்தியானம் ஒரு மணிக்குப் பிறகு எந்த ஓட்டமும் வேண்டாம். பங்குனியில் பின்னேரம் இடியோடு மழை கொட்டுகிற ஊர் இது, திறந்த மைதானத்தில் மின்னலுக்கு நிற்கவும் கூடாது. தாதியாக, மருந்தாளராக, குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்கிற பழைய மாணவர்களே, முதலுதவிக் கூடாரத்தை நீங்கள் பொறுப்பெடுங்கள். ஜீவனிப் பைக்கற் ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து வையுங்கள், அரை லீற்றரில் கரைக்க வேண்டாம். வெயிலில் விழுந்த பிள்ளை தடுமாறிப் பேசினால், ஆளைத் தெரியாமல் முழித்தால், வாயில் எதையும் ஊற்றாமல் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். ஒருவர் அதைச் செய்ய, இன்னொருவர் உடனே 1990 சுவசெரியவை அழைக்க வேண்டும். மைதானத்துக்கு அம்புலன்ஸ் வருகிற பாதையில் மோட்டார் சைக்கிள்களை நிறுத்தாமல் பார்க்கவும் ஒருவர் வேண்டும். சிறிய வேலையாகத் தெரியும். ஆனால் தோட்டத்துப் பாதை ஒற்றை வண்டிப் பாதை.

வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைகள் எல்லாப் பாடசாலையிலும் இருக்கிறார்கள். கேட்டால் "சாப்பிட்டுட்டேன் டீச்சர்" என்றுதான் சொல்வார்கள். யாரையும் கேட்காமல் எல்லோருக்கும் காலை ஏழு மணிக்கே அவித்த கடலையும் ஒரு வாழைப்பழமும் கொடுத்துவிடுங்கள். பொம்பிளைப் பிள்ளைகள் ஓட வராததற்குக் கால் வலி, தலையிடி என்று சொல்கிற காரணங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டுதான் உண்டு. போட்டுக்கொள்ள ஒழுங்கான உடுப்பில்லை, அல்லது மைதானத்தில் தண்ணீரும் கதவும் உள்ள மலசலகூடம் இல்லை. அக்காமாரே, இதை ஆண் ஆசிரியரிடம் அந்தப் பிள்ளைகள் சொல்லமாட்டார்கள். நீங்கள் ஒரு பையில் அணையாடையும் மாற்றுடுப்பும் ஊசிநூலும் வைத்துக்கொண்டு ஒரு மூலையில் இருந்தாலே போதும். அதை அறிவிக்க வேண்டியதில்லை, பிள்ளைகள் தாமாகவே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வந்து சேருவார்கள்.

காசைப் பற்றியும் ஒரு சொல். இல்ல அலங்காரத்துக்கு நாம் செலவழிப்பதைக் குறைக்க வேண்டும். ரெஜிபோமில் கோட்டை கட்டி, கடதாசியில் யானை செய்து, மூன்று மணித்தியாலம் காட்டிவிட்டு மறுநாள் எரிக்கிறோம். அதற்காகப் பிள்ளைகளிடம் காசு சேர்க்கிறோம், கொடுக்க முடியாத பிள்ளை இரண்டு நாள் பாடசாலைக்கு வராமல் நிற்கிறது. தென்னோலைத் தோரணமும் மாவிலையும் வாழையும் கட்டினால் எங்கள் கூடாரம் அழகில் குறையுமா? மிச்சக் காசில் பாய்தற் குழிக்கு நல்ல ஆற்று மணல் போடலாம், நாடா ஒன்றும் கடிகாரம் இரண்டும் வாங்கலாம். அவை பத்து வருஷம் நிற்கும். பிளாஸ்ரிக் கிண்ணங்களுக்குப் பதிலாக வென்ற பிள்ளைக்கு ஒரு சோடி கன்வஸ் சப்பாத்து கொடுங்கள், அடுத்த வாரம் அதைப் போட்டுக்கொண்டே வலயப் போட்டிக்கு ஓடும்.

தோட்டத்துப் பெற்றோர் போட்டிக்கு வருவதில்லை என்று நகரத்தில் ஒரு குறை இருக்கிறது. வராமல் என்ன செய்வார்கள்? வேலை நாளில் மலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை, பாதியில் இறங்கினால் அரைப்பேர். அரைநாள் சம்பளத்தைக் கொடுத்துத்தான் ஒரு தாய் தன் பிள்ளை ஓடுவதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. போட்டியை ஞாயிற்றுக்கிழமையிலோ போயா அல்லாத வேறு விடுமுறையிலோ வைக்க அதிபர்களோடு பேசுங்கள். போயாவில் விகாரைக்குப் போகிற அயலவர்களும் எங்கள் மைதானத்துக்கு வருகிறவர்கள்தான், அவர்களும் வரக்கூடிய நாளாக இருக்கட்டும். வேலை நாளில்தான் முடியும் என்றால், மத்தியான நிறுவை முடிந்து வருகிற நேரத்துக்குப் பெற்றோர் நிகழ்ச்சியைத் தள்ளி, தாய்மார் வந்து சேரும்போது அவர்கள் பிள்ளைகளின் வகுப்பு அஞ்சலோட்டமும் அதை ஒட்டியே ஒரு மணிக்குள் நடக்கும்படி ஒழுங்கு செய்யுங்கள்.

பிரதம விருந்தினர்கள் பற்றி நான் எழுதாமல் விட்டால் இந்த மடல் முழுமையாகாது. ஒரு பாடசாலையில் பிள்ளைகள் அணிநடை முடித்து வரிசையில் நிற்க, மேடையில் ஒருவர் பின் ஒருவராக முக்கால் மணித்தியாலம் பேசினார்கள். பத்தரை மணி வெயில். பாண்ட் வாத்தியக் குழுவில் ட்ரம் தூக்கி நின்ற சிறுமி முதலில் சரிந்தாள், பிறகு வரிசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக. பேச்சு நிற்கவில்லை. மேடைக்குப் பின்னால் நின்ற தாய் ஒருத்திதான் வரிசைக்குள் ஓடிப் போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். பழைய மாணவர் சங்கத்தில் செல்வாக்குள்ளவர்களே, அழைக்கிறபோதே சொல்லிவிடுங்கள்: ஒருவர் பேசுவார், ஐந்து நிமிஷம், பிள்ளைகள் நிழலில் இருந்து கேட்பார்கள். நல்ல விருந்தினர் இதைக் கேட்டுக் கோபிக்கமாட்டார். உங்களையும் மேடைக்கு அழைப்பார்கள். பொன்னாடையை ஏற்றுக்கொண்டு இறங்கி, முடிவிடத்தில் வந்து நின்றால் பிள்ளைகள் உங்களை அதிகம் நினைவில் வைத்திருப்பார்கள்.

எங்கள் மண்ணில் ஓடியவர்களையும் எறிந்தவர்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தில் 51.8 விநாடியில் வந்து இந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை, வெள்ளியை, வென்ற டங்கன் வைற் திரித்துவக் கல்லூரியில் படித்தவர். அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு 2000 வரை, சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றர் ஓடும் வரை, நாடு காத்திருந்தது. அவர் பக்கத்துக் கேகாலை மாவட்டத்துக் கிராமமொன்றில் வறுமையில் வளர்ந்தவர். 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்ந்து தங்கம் வென்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் யாழ்ப்பாணத்தார்.

முத்தையா முரளிதரனின் கதையைச் சற்று விரித்துச் சொல்லலாம். 1972இல் கண்டியில் பிறந்தவர். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யத் திருச்சிராப்பள்ளிப் பக்கமிருந்து வந்தவரின் பேரன். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படிக்கிற காலத்தில் அவர் சுழற்பந்து வீச்சாளர் அல்ல, மித வேகப் பந்து வீசுகிற பையன். பதினான்கு வயதளவில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோதான் சுழற்பந்து வீசிப் பார் என்று திருப்பிவிட்டார். பிற்காலத்தில் 800 டெஸ்ட் விக்கெட்டுகளாக அது வளர்ந்தது. அந்தப் பையன் மைதானத்தில் நின்றான், அவனது மணிக்கட்டைப் பார்க்கத் தெரிந்த ஒருவரும் அங்கே நின்றார். எங்கள் பாடசாலைகளில் பிள்ளைகள் நிற்கிறார்கள். பார்க்கிறவர்கள் போதவில்லை. தெரிவுச் சுற்றில் நாலாவதாக வந்தவள் காலை எப்படித் தூக்கி வைக்கிறாள், வெறுங்காலோடு பாய்ந்தவன் பலகையிலிருந்து எவ்வளவு பின்னாலிருந்து பாய்ந்தான் என்பதெல்லாம் பெறுபேற்றுத் தாளில் இராது. அருகில் நிற்கிறவர் கண்ணில்தான் படும். வங்கியில், பஸ் டிப்போவில், கடையில் வேலை செய்கிற உங்களில் எத்தனை பேர் ஒரு காலத்தில் மாகாண மட்டம் வரை போனவர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கண்ணைத்தான் கொண்டு வரச் சொல்கிறேன்.

அறிவிப்பாளராக நிற்க விரும்புகிறவர்கள் முதல் நாளே பெயர்ப் பட்டியலை வாங்கிப் படித்துப் பாருங்கள். வென்றவர் மூவரின் பெயரோடு நிறுத்தாமல், தொடக்கக் கோட்டில் நிற்கிற அத்தனை பிள்ளைகளின் பெயரையும் ஓட்டத்துக்கு முன் வாசியுங்கள். சிங்களப் பாடசாலைகளிலிருந்து உதவிக்கு வருகிற ஆசிரியர்களுக்கும் அயல் பெற்றோருக்கும் புரிய இரண்டு மொழியிலும் சொல்லுங்கள். கண்டியில் இரு மொழிப் பிரிவுகளும் ஒரே வளவுக்குள் இருக்கிற பாடசாலைகளில் வகுப்பறை வேறு, ஆனால் இல்லம் ஒன்று. தமிழ்ப் பிரிவுப் பிள்ளை ஓடும்போது சிங்களப் பிரிவுப் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கத்துவது அந்த ஒரு நாளில்தான். அந்தப் பெயரைப் பிழையில்லாமல் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு.

வர விரும்புகிறவர்கள் உங்கள் பாடசாலை அதிபரையோ விளையாட்டுப் பொறுப்பாசிரியரையோ இப்போதே கண்டு, எந்த வேலைக்கு வருகிறீர்கள் என்று பெயர் கொடுங்கள். "ஏதாவது உதவி இருந்தா சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனால் எங்களால் ஒழுங்கு செய்ய முடியாது. "நான் நீளம் பாய்தல் குழியைப் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். குழியைப் பார்க்கிறவர் முதல் நாள் பின்னேரமே வந்து முழங்கை ஆழத்துக்கு மணலைக் கிளறி, கல்லும் கண்ணாடித் துண்டும் பொறுக்கி, இரவில் நாய் பூனை இறங்காமல் படங்கால் மூட வேண்டும். மைதானம் கீறுகிறவர்கள் போட்டிக்கு முந்திய சனிக்கிழமை காலை ஆறரைக்கு வாருங்கள், பனி இறங்கிய புல்லில் டொலமைட் நன்றாக ஒட்டும். 50 மீற்றர் நாடா, சுத்தியல், ஆணி, ஒரு பழைய தேநீர்க் கேத்தல் கொண்டு வாருங்கள். கேத்தல் வாயால் தூளைக் கொட்டினால் கோடு நேராக விழும். மைதானம் தேயிலை மலைக்குப் பக்கத்தில் என்றால் அட்டைக்குச் சவர்க்காரமும் எடுத்துக்கொள்ளுங்கள். பிளேன்டீயும் ரொட்டியும் நாங்கள் தருவோம்.

அன்புடன்,
விளையாட்டுப் பொறுப்பாசிரியை ஒருவர்
கண்டி